ஒற்றைக் காது

அத்தியாயம் 5

பதினோராம் பக்கத்தில் ஒரு சொல்லை எடுக்கவேண்டும். அதற்கு மாலை நாலரை மணி வரைதான் நேரம்.

நாலரைக்குக் கிளிநொச்சி ஸ்ரேசனைத் தொடும் றெயிலில் ‘வன்னியொலி வயர்லெஸ் கொம்பனியின் பதினைந்தாண்டு வரலாறு’ யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குப் போகிறது. அச்சானால் ஆயிரம் பிரதிகள். பளையிலிருந்து வவுனியா வரைக்கும் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இலவசம். எடுக்கவேண்டிய சொல், ‘கள்வன்’.

“என்ரை மனிசன் என்னை விட்டிட்டு ஓடினதெண்டா ஓடினதுதான், ஐயா,” என்றாள் அன்னபாக்கியம். “அதுக்கு நான் என்ன செய்ய? ஆனா அவர் களவெடுக்கேல்லை. அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லுங்கோ. அது போதும்.”

அவள் அழவில்லை. தபால் கந்தோரில் முத்திரை கேட்பதுபோலக் கேட்டாள். துப்பறியும் கனகலிங்கத்துக்கு அது வசதியாக இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் அவர் மனைவி சிவனேஸ்வரி காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து அழுகிறவர்களைக் கண்டால், அவர்கள் தூரதேசத்து மொழி ஒன்றைப் பேசுவதுபோலவும் தனக்கு அது விளங்காததுபோலவும் அவருக்கு இருந்தது.

“தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ, சேர்?” என்று கேட்டான் நளீர்.

“காணும், போதும்.”

“நான் இன்னும் சீனி போடவே இல்லை.” நளீர் சீனிப் போத்தலைத் திறந்தான். முன்னாளில் வவுனியா பஸ்ஸில் கொண்டக்டர். ஏறின சனத்தைச் சிரிக்கவைத்து ரிக்கற் குடுக்க மறந்ததால் வேலை போனது. இப்போது கனகலிங்கத்தின் உதவியாளன், சாரதி, சீனிக்குப் பொறுப்பு.

அன்னபாக்கியம் கொண்டுவந்த கார்பன் தாள்களைக் கனகலிங்கம் வாசித்தார். கொம்பனி முதலாளி சிற்றம்பலம் தானே சொல்லி எழுதுவித்த வரலாறு அது.

‘1955ஆம் ஆண்டு தைத் திங்களில் எமக்கொரு சோதனை நேர்ந்தது. எமது மெக்கானிக் வீரகத்தி என்பார், இரு செவிகளுக்குமாக நாம் அமைத்திருந்த மாதிரிக் கருவியை, உலகில் அது ஒன்றே இருந்த நிலையில், கவர்ந்துகொண்டு தலைமறைவானார். அக்கள்வனால் நாம் சோரவில்லை. காந்தத் தட்டுப்பாட்டை மனங்கொண்டு, சிக்கனமான ஒற்றைக் காதுக் கருவியை மாசித் திங்களிலேயே புதிதாக ஆக்கினோம். வன்னி விவசாயிகள் அதனை வாரியணைத்தனர்.’

வாரியணைத்தது உண்மை. மின்சாரம் இல்லாத ஊர்களில் றேடியோ பற்றரியில்தான் பாடியது. வாய் திறந்து பாடினால் பற்றரி ஒரு கிழமையில் செத்துப்போகும். காதுக்குள் மட்டும் பாடினால் மாதக்கணக்கில் இழுக்கும். காவல் கொட்டிலில் இருக்கும் வயல்காரன் ஒவ்வொருவன் தலையிலும் ஒரு வன்னியொலி இருந்தது. சனம் அதற்குக் காதுப்பூட்டு என்று பெயர் வைத்திருந்தது.

“நீங்கள் அங்கை இப்பவும் வேலை செய்யிறியளோ, அக்கா?” என்று கேட்டான் நளீர். “கள்ளன்ரை பெண்சாதி எண்டு சொல்லுற இடத்திலையோ?”

“கம்பி சுத்துறது மட்டும்தான் எனக்குத் தெரியும், தம்பி. வேறை எங்கை கம்பி சுத்துறது?”

காதுப்பூட்டின் உள்ளே ஒரு சின்ன உருளை. அதில் தலைமயிரை விட மெல்லிய செம்புக்கம்பி நாலாயிரம் சுற்று. கிளிநொச்சியில் அதைச் சுற்றியவர்கள் எல்லாரும் பெண்கள். முதல் சுற்றுக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் உருளையில் தன் நிற நூல் ஒன்றைக் கட்டி, நுனியை வெளியே விட்டுவிடுவாள். கம்பி அறுந்தால் யாரிடம் திருப்பி அனுப்புவது என்று அந்த நூல் சொல்லும்.

“உங்கடை நூல் என்ன நிறம்?”

“நீலம். எப்பவும் நீலம்தான்.” அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். “அவர் செய்த மாதிரிக்கு மட்டும் சிவப்புக் கட்டினனான். என்ரை கலியாணக் கூறைச்சேலை முந்தானையிலை இழுத்த பட்டுநூல். ரெண்டு காதுக்கும் ரெண்டு உருளை. அவர் சத்தம் காணாது, காணாது எண்டு நிண்டவர். அதாலை ஆருக்கும் சொல்லாமல் ஐந்நூறு சுற்றுக் கூடச் சுத்திக் குடுத்தனான். அண்டைக்கு மத்தியானம் அதையும் றேடியோவையும் சைக்கிளிலை கட்டிக்கொண்டு விசுவமடுவிலை ஏரம்பரின்ரை வயலுக்குப் போனவர். கேட்டுப் பாத்திட்டு விடிய வாறன் எண்டவர். அவர் பின்னேரமே கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டார் எண்டு ஏரம்பர் சொன்னதாம்.”

“சிவப்பு நூல் பிறகு வேறை எதிலையும் கட்டினீங்களோ?”

“கூறைச்சேலையை அதுக்குப் பிறகு நான் திறக்கேல்லை, ஐயா.”

அவள் போனபிறகு நளீர் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“சேர், இந்த வரலாறு எழுதினவருக்கு ஞாபகசக்தி ஒரு பக்கம்தான். பதினோராம் பக்கத்திலை காந்தத் தட்டுப்பாடு. பன்னிரண்டாம் பக்கத்திலை, அதே மாசி மாசம், ‘எம்மிடம் மிஞ்சிய காந்தங்கள் இரண்டு பெட்டியைப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான கூடத்துக்கு மனமுவந்து வழங்கினோம்.’ தட்டுப்பாடான சாமானை ஆர் மனமுவந்து குடுக்கிறது?”

“அப்ப சிக்கனத்துக்காக இல்லை.”

“பிறகு என்னத்துக்கு ஒரு காதை வெட்டினவர்?”

“அதைத்தான் கேக்கப் போறம்,” என்று சொல்லிக் கனகலிங்கம் எழுந்தார். கேட்கவேண்டும் என்ற ஆசை எதுவும் அவருக்கு இருக்கவில்லை. கால்கள் மட்டும் பழக்கத்தில் படியிறங்கின.

வெளியே நெல்லுச் சூடடிப்புக் காலம். வைக்கோல் தூசி கடைக் கூரைகளில் வெளிறிப் படிந்திருந்தது. பனி விழுந்த ஊர்கள் புத்தகங்களில் இப்படித்தான் இருக்கும். சத்தம் எல்லாம் எங்கோ தொலைவில், ஒரு போர்வைக்கு அப்பால் கேட்கும்.

*

கொம்பனியின் முன்கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு சுற்றுமெசின்களில் இருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பக்கத்தில் இருந்த எண்வட்டு ஒவ்வொன்றாக ஏறியது. ஒருத்தியின் கம்பி அறுந்தது. அவள் கைப்பிடியைப் பின்னுக்குச் சுற்றிக் கழற்றத் தொடங்கினாள். எண்கள் பின்னோக்கி ஓடின.

“என்ரை வயசையும் இதிலை ஒருக்காப் போட்டுத் தாறியளோ, தங்கச்சி?” என்றான் நளீர். பதினொரு பேர் சிரித்தார்கள். கடைசி மெசினில் இருந்த அன்னபாக்கியம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சிற்றம்பலம் வெள்ளைக் கோட்டும் வேட்டியுமாக உள்ளறையில் வரவேற்றார். ஐம்பத்தைந்து வயது. கதிரை காட்டினார், சோடா எடுப்பித்தார். அவர் தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி. அதன் நடுவில் பட்டுத்துணி விரித்து ஒற்றைக் காதுக் கருவி ஒன்று. கீழே ‘இலக்கம் 1’ என்று எழுதியிருந்தது.

“வீரகத்தி களவெடுத்ததை நீங்கள் கண்டனீங்களோ?” என்று கேட்டார் கனகலிங்கம்.

“ஆளையும் காணேல்லை, சாமானையும் காணேல்லை. இதுக்குக் கண் என்னத்துக்கு? ஆதாரம் ஒண்டு கொண்டாங்கோ, அந்தச் சொல்லை இப்பவே வெட்டிறன். நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்ட மனிசன்.”

நளீர் அலுமாரிக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “பாவம், இது செத்துப்போச்சு என்ன, முதலாளி?”

“எது?”

“இந்த முதலாம் நம்பர். பத்து வருசம் பெட்டிக்குள்ளை கிடந்தா மனிசனுக்கே காது கேளாது.”

சிற்றம்பலத்தின் முகம் சிவந்தது. “வன்னியொலி சாகாது, தம்பி!” திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். தன் கையாலேயே கருவியை மேசையில் இருந்த றேடியோவில் பொருத்தி, நளீரின் தலையில் மாட்டிவிட்டார். “இப்ப சொல்லும்.”

“கேக்குது. மீன்பிடிகாரருக்குக் காலநிலை சொல்லுறாங்கள்.” நளீர் முகத்தைச் சுளித்தான். “ஆனா காது கடிக்குது.” கழற்றி, காதுமூடியைப் பிடித்து ஒரு திருகு திருகினான். மூடி கையோடு வந்தது.

உள்ளே உருளை. உருளையின் அடியிலிருந்து ஒரு நூல் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. சிவப்பு. பட்டு.

நளீர் கனகலிங்கத்தைப் பார்த்தான். கனகலிங்கம் நூலைப் பார்க்காமல் தலைவளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வளையத்திலை மற்றப் பக்கமும் ஆணித் துளை கிடக்குதே. ஒற்றைக் காதுக்கு என்னத்துக்கு ரெண்டாவது துளை?”

“அது... அழகுக்கு.”

“நல்ல அழகு,” என்றார் கனகலிங்கம். மணி பதினொன்று.

*

மொறிஸ் மைனர் கார் பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு றோட்டில் ஏறும்வரை நளீர் வாயைத் திறக்கவில்லை. அது ஒரு சாதனை.

“சேர், எனக்குக் கணக்கு வருகுதில்லை. உலகத்திலை ஒண்டே ஒண்டுதான் இருந்தது. அதைக் கள்ளன் கொண்டுபோயிட்டான். அதிலை பாதி முதலாளியின்ரை அலுமாரிக்குள்ளை கிடக்கு. கள்ளன் திரும்பி வந்து, ‘இந்தாங்கோ, உங்களுக்கொரு காது, எனக்கொரு காது’ எண்டு பங்கு பிரிச்சவனோ?”

“காதுப்பூட்டு திரும்பி வந்திருக்கு. ஆள் வரேல்லை.”

“மற்றக் காது?”

“ஆள் எங்கையோ, அங்கை.”

நளீர் கியரை மாற்றினான். அதற்குப் பிறகு விசுவமடு வரைக்கும் அவன் சிரிப்பூட்ட முயன்றது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு மாட்டைப் பார்த்து.

ஏரம்பு அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டு நின்றார். கிளிநொச்சியிலிருந்து வருகிறோம் என்றதும் உதறுவதை நிறுத்தவில்லை. வீரகத்தி என்றதும் நிறுத்தினார்.

“அவர் அண்டைக்குப் பின்னேரமே வெளிக்கிட்டிட்டார், ஐயா. கொழும்புக்கு.”

“எந்தப் பக்கத்தாலை போனவர்?”

“றோட்டாலை.”

“சைக்கிளிலையோ?”

“ஓம். ஓம், சைக்கிளிலை.”

வயலுக்கு அப்பால், வரம்பும் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு பாலைமரம் தனியாக நின்றது. அடியில் ஒரு கல். கல்லுக்கு முன் அணைந்த விளக்கு. கனகலிங்கம் அதை நோக்கி நடந்தார். நளீர் முந்திக்கொண்டு போய்க் குனிந்தான்.

“உங்கடை வைரவரோ, ஏரம்பண்ணை?”

“ஓம் தம்பி. காவலுக்கு வைச்சது.”

“வைரவருக்குப் பக்கத்திலை நாயைக் கண்டிருக்கிறன். சூலத்தைக் கண்டிருக்கிறன்.” நளீரின் குரல் மெல்ல இறங்கியது. “காதுப்பூட்டை இண்டைக்குத்தான் காணுறன்.”

விளக்கின் பக்கத்தில், காலையில் வைத்த செவ்வரத்தம்பூவின் கீழே, நசுங்கிய கறுப்புக் காது ஒன்று கிடந்தது. கனகலிங்கம் அதை எடுத்தார். மூடி இரண்டாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் சிவப்பு நூல்.

ஏரம்பு வரம்பிலேயே குந்திவிட்டார். அவர் சொன்னதை இடைமறிக்கத் தேவை இருக்கவில்லை. பத்து வருடமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்த மனிதர்.

“பொழுது சாயிற மம்மல் நேரம், ஐயா. இவர் கொட்டிலிலை ரெண்டு காதையும் பூட்டிக்கொண்டு இருந்தவர். நான் அந்த வரம்பிலை. யானை அவருக்குப் பின்பக்கத்தாலை காட்டுக்குள்ளையிருந்து வந்தது. கூட்டம் விட்ட தனியன். நான் கத்திக் குளறினனான். தகரம் அடிச்சனான். அவர் என்னைப் பாத்துச் சிரிச்சவர்.”

“சிரிச்சவரோ?”

“நான் கேக்குதோ எண்டு கேக்கிறன் எண்டு நினைச்சிட்டார் போலை. கையை இப்பிடித் தூக்கிக் காட்டினவர்.” ஏரம்பு தன் கையை உயர்த்தி, காற்றில் இரண்டு தரம் ஆட்டினார். “நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது எண்டு.”

தூரத்தில் சூடடிக்கும் மாடுகளை யாரோ அதட்டினார்கள்.

“பரீட்சை எப்பிடி எண்டு பாக்க விடிய முதலாளி கார் கொண்டு வந்தவர். கொட்டில் அரசாங்கக் காட்டுக்குள்ளை நான் களவாப் போட்டது. வெளியிலை தெரிஞ்சா காணியும் போகும், மறியல்வீட்டிலையும் கிடக்கவேணும் எண்டார். இந்த மரத்தடியிலைதான் ரெண்டுபேருமாக் குழி வெட்டித் தாட்டனாங்கள். நசிஞ்ச காதைக் கழட்டிப்போட்டு, முழுசாக் கிடந்ததை வளையத்தோடை அவர் கொண்டுபோனவர். நசிஞ்சதை எனக்கு எறிய மனம் வரேல்லை.”

“சைக்கிள்?”

“குளத்துக்குள்ளை.”

கனகலிங்கம் தன் உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. நசுங்கிய காதைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

*

மூன்று முப்பத்தைந்து. சிற்றம்பலம் கையெழுத்துப் பிரதியை உறைக்குள் இட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

கனகலிங்கம் கைலேஞ்சியை மேசையில் விரித்தார். பூட்டாமல் கிடந்த அலுமாரியைத் தானே திறந்து, இலக்கம் 1ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு காதுகள். இரண்டு சிவப்பு நூல்கள்.

“இது அன்னபாக்கியத்தின்ரை கூறைச்சேலை நூல். ரெண்டே ரெண்டு உருளையிலை கட்டினது. கள்ளன் கொண்டுபோன சாமானிலை பாதியைப் பட்டுத்துணி விரிச்சு வைச்சிருக்கிறியள்.”

சிற்றம்பலம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உறையைக் கீழே வைத்தார்.

“நான் அவரைக் கொல்லேல்லை.”

“தெரியும்.”

“கொம்பனி தொடங்கி ஐஞ்சு வருசம். சாமானைப் போட்டுக்கொண்டு இருந்தவனை யானை அடிச்சது எண்டு தெரிஞ்சா, எந்த வயல்காரன் காதிலை மாட்டுவான்? பன்னிரண்டு பொம்பிளையள் வீட்டை போகவேண்டியதுதான்.” அவர் குரல் கெஞ்சவில்லை. பலமுறை தனக்கே சொல்லித் தேய்ந்த குரல். “ஆனா நான் அதிலையிருந்து படிச்சனான், கனகலிங்கம். ஒரு காதைத் திறந்துவிட்டனான். பத்து வருசத்திலை ஒற்றைக் காது போட்ட ஒருத்தனும் சாகேல்லை. ஒருத்தனும்.”

“அதை எழுதுங்கோ.”

“எதை?”

“ஏன் ஒற்றைக் காது எண்டதை.”

“நல்ல வரலாறு, முதலாளி,” என்றான் நளீர். “காந்தத்தை விட நல்லாக் கிடக்கு. ஒரே ஒரு குறை, அது உண்மை.”

சிற்றம்பலம் பேனாவை எடுத்தார். இந்த முறை திங்கள் இல்லை, செவிகள் இல்லை, மனமுவத்தல் இல்லை. ‘எங்கள் மெக்கானிக் வீரகத்தி எதையும் களவெடுக்கவில்லை. இரண்டு காதையும் மூடும் கருவியை விசுவமடுவில் பரீட்சித்தபோது யானை வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. அவர் இறந்ததை நான் மறைத்தேன். அதனால்தான் எங்கள் கருவிக்கு ஒரு காது.’ கீழே கையொப்பம் வைத்தார். பழைய பதினோராம் பக்கத்தைக் கிழித்து, புதியதை வைத்து, உறையைத் திரும்ப ஒட்டினார்.

“றெயில் போனபிறகு பொலிசுக்குப் போவம்,” என்றார் கனகலிங்கம். “நானும் வாறன்.”

“ஓம்,” என்றார் சிற்றம்பலம். அலுமாரியில் வெறும் பட்டுத்துணி கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

நளீர் உறையோடு ஸ்ரேசனுக்குப் போனான். மற்றப் பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்னபாக்கியம் மட்டும் கடைசி மெசினில் இருந்தாள்.

கனகலிங்கம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவள் முன்னால் இருந்து, எல்லாவற்றையும் சொன்னார். மரம், கல், விளக்கு. புதிய பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. வீரகத்தி அவளை விட்டு ஓடவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னார். நளீர் திரும்பி வந்து கதவடியில் நின்றான்.

அன்னபாக்கியம் தலையாட்டிக்கொண்டு கேட்டாள்.

“அப்ப அந்தச் சொல் போயிட்டுது.”

“போயிட்டுது.”

“ஏரம்பர் குளறினவரோ?”

“ஓம்.”

“தகரமும் அடிச்சவரோ?”

“ஓம், தங்கச்சி.”

அவள் மெசினின் எண்வட்டைப் பார்த்தாள். அவள் என்ன கணக்குப் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் கனகலிங்கத்துக்கு உறைத்தது. காலையில் அவள் சொன்னது. ஆருக்கும் சொல்லாமல், சத்தத்துக்காகக் கூடச் சுற்றிய ஐந்நூறு. அதை அவர் நாள் முழுக்க மறந்திருந்தார். அல்லது மறக்கத்தான் விரும்பினார்.

“அவருக்கு அது நல்லாக் கேட்டதோ, ஐயா?”

பொய் சொல்லலாம். அவர் வாயைத் திறந்தார். எந்தப் பக்கம் சொன்னால் நோகாது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நல்லாக் கேக்குது எண்டு கையைக் காட்டினவராம்.”

“ம்,” என்றாள் அவள்.

பிறகு கையை நீட்டினாள். கனகலிங்கம் இலக்கம் 1ஐக் கொடுத்தார். அவள் மூடியைத் திருகி, உருளையை நகத்தால் நெம்பி எடுத்து, மெசினில் பொருத்தினாள். கம்பியின் நுனியைக் கண்டுபிடித்தாள். எண்வட்டைத் திருப்பி நாலாயிரத்து ஐந்நூறில் வைத்தாள். கைப்பிடியைப் பின்னுக்குச் சுற்றத் தொடங்கினாள்.

நளீர் ஓரடி முன்னால் வந்தான். “சேர், அது சாட்சிச் சாமான்...”

கனகலிங்கம் அவன் கையைப் பிடித்தார். நசுங்கிய மற்றது கைலேஞ்சிக்குள் இருந்தது. பொலிசுக்கு அது போதும்.

நாலாயிரம். மூவாயிரத்து எண்ணூறு. செம்புக்கம்பி வளைவு வளைவாக அவள் மடியில் விழுந்து, மடியிலிருந்து நிலத்தில் விழுந்தது. அவள் எங்கும் பிசகவில்லை, எங்கும் அறுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். நாலரை றெயில் ஊதிக்கொண்டு வந்தது, நின்றது, போனது. அவள் நிமிரவில்லை. இரண்டாயிரம். ஆயிரம். கனகலிங்கத்தின் உள்ளங்கையில் நளீரின் கை இன்னும் இருந்தது. அது நடுங்குவதை அவர் உணர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், நடுங்குவது எந்தக் கை என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

ஐந்நூறு. இருநூறு. நாற்பது.

எண்வட்டு பூச்சியத்தில் நின்றது. வெறும் உருளையில் சிவப்பு நூல் மட்டும் கட்டியபடி இருந்தது. அன்னபாக்கியம் அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இறுக்கித்தான் கட்டியிருக்கிறன்,” என்றாள்.